புல்லின் எந்த உறுப்பில் எந்தத் தாது? அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழிமுறை

ஒரே நிலம், ஒரே புல், அதே உரம். ஐந்து வாரத்தில் அறுத்தபோது ஆய்வறிக்கையில் கால்சியம் 0.48 சதவீதம். கதிர் விட்ட பிறகு அறுத்தபோது 0.34. உடனே சுண்ணாம்பு போடலாமா என்றுதான் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். மண்ணில் துளிகூடக் குறையாமலே இந்த எண் இப்படி இறங்கும்.

அறிக்கையில் வரும் எண், இலை, உறை, தண்டு, கதிர், சருகு எல்லாவற்றையும் சேர்த்து அரைத்த மாவின் சராசரி. ஒவ்வொரு உறுப்பிலும் தாது வேறு அளவில் இருக்கிறது. உறுப்புகளின் பங்கு மாறினாலே சராசரி மாறிவிடும். அதனால் எந்த அறிகுறியோடு வந்தாலும் நான் முதலில் கேட்பது, எந்த உறுப்பில், எத்தனை நாள் வயதில் என்றுதான்.

தொடங்கும் முன் ஒரு தூரைப் பிரித்துப் பாருங்கள்

நடுத்தரமான ஒரு தூரை அடியில் அறுத்து மேசைமேல் வையுங்கள். இலைத்தாளும் உறையும் சேரும் கழுத்தில் கத்தரியால் வெட்டி இலைத்தாள்களை ஒரு குவியலாக வையுங்கள். அடியில் காய்ந்து பழுப்பேறிய தாள்களைத் தனியாக எடுத்துவிடுங்கள். அவை சருகுக் குவியல். பிறகு தண்டைச் சுற்றியிருக்கும் உறையை வெங்காயத் தோலைப் போல உரியுங்கள். உள்ளே வழவழப்பான தண்டு, கணுக்களோடு வரும். நுனியில் கதிர் இருந்தால் அது ஐந்தாவது குவியல். இருபது தூருக்கு இதைச் செய்து, காயவைத்து, குவியல்களை எடை போட்டால் உங்கள் புல்லில் இலை எத்தனை பங்கு என்று தெரிந்துவிடும். காயும் நேரம் போக அரை மணி நேர வேலை. இது தெரியாமல் அறிக்கையைப் படிப்பதில் பயன் குறைவு.

குவியல்களில் என்ன இருக்கும்? வேர் உறிஞ்சும் நீரோடு சைலம் (நீரை மேலேற்றும் குழாய்) வழியாக எல்லாத் தாதுக்களும் மேலே போகின்றன. நீர் எங்கே அதிகம் ஆவியாகிறதோ அங்கே போய்ச் சேருகின்றன. அந்த இடம் இலைத்தாள். அதற்குப் பிறகுதான் வித்தியாசம். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் ஆகியவை புளோயம் (இலையிலிருந்து சத்தை எடுத்துச் செல்லும் குழாய்) வழியாக மறுபடி கிளம்பிக் குருத்துக்கோ கதிருக்கோ போகும். கால்சியம் போன இடத்தைவிட்டு நகராது. சிலிக்காவும் அப்படித்தான், கண்ணாடித் துகளாக இலையின் மேல்தோலிலும் கதிரின் உமியிலும் படிந்துவிடும். அதனால் வயதான இலையில் கால்சியமும் சிலிக்காவும் ஏறிக்கொண்டே போகும். தழையும் மணியும் சாம்பலும் இறங்கிக்கொண்டே போகும். கதிரின் மணியில் பாஸ்பரஸ் நிறைய இருக்கும், கால்சியம் மிகக் குறைவு. தண்டில் கால்சியம் கொஞ்சம்தான், ஆனால் பொட்டாசியம் இலைக்குச் சமமாகவோ சில சமயம் கூடவோ இருக்கும்.

இனி அறிகுறிக்கு வருவோம்.

அறிகுறி: அடி இலை மஞ்சளாகிறது, குருத்து பச்சையாக இருக்கிறது

குருத்துக்குச் சத்து போதவில்லை, அதனால் பழைய இலையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. ஆக, குறைவது நகரக்கூடிய தாது ஒன்று. எது என்பதை இலையில் மஞ்சள் போகும் பாதை சொல்லும். நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியாக உள்ளே இறங்கினால் தழைச்சத்து. நுனியில் தொடங்கி இரண்டு விளிம்பிலும் கருகிக்கொண்டே இறங்கினால், நடுப்பகுதி பச்சையாகவே இருந்தால், சாம்பல்சத்து. நரம்பு பச்சையாகவும் இடைவெளி வெளிறியும் கோடு கோடாகத் தெரிந்தால் மக்னீசியம். இலை மஞ்சளாகாமல் மங்கிய கரும்பச்சையாகி, விளிம்பில் ஊதாச் சாயல் ஏறி, செடி குட்டையாக நின்றால் மணிச்சத்து. ஆனால் குளிரிலும் சில வகைப் புல்லில் ஊதா ஏறும் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

மேய்ச்சல் நிலமாக இருந்தால் மாட்டு மூத்திரம் விழுந்த திட்டுகளைப் பாருங்கள். மூத்திரத்தில் தழையும் சாம்பலும் நிறைய, பாஸ்பரஸ் மிகக் குறைவு. பாஸ்பரஸும் கால்சியமும் சாணத்தோடு போகின்றன. வெளிறிய நிலத்தில் மூத்திரத் திட்டு மட்டும் கரும்பச்சையாகச் செழித்திருந்தால் சந்தேகம் முதலில் தழைச்சத்தின் மேல், அடுத்து சாம்பல்சத்தின் மேல்.

உறுதிப்படுத்த, ஒரே தூரிலிருந்து முழுதாக விரிந்த இளம் இலையையும் அதற்குக் கீழே மூன்றாவது இலையையும் தனித்தனி காகித உறையில் போட்டு அனுப்புங்கள். பொட்டாசியம் போதுமான செடியில் கீழ் இலை மேல் இலைக்குச் சமமாக நிற்கும், சில சமயம் மேலாகவே இருக்கும். குறைபாடு என்றால் கீழ் இலை சட்டென்று தாழ்ந்திருக்கும். ஒரே செடிக்குள் ஒப்பிடுவதால் மழை, வயது, இனம் எல்லாம் இரண்டுக்கும் பொது. எனக்கு மிகப் பிடித்த சோதனை இதுதான். ஒற்றை எண் வைத்துக்கொண்டு அட்டவணையோடு மல்லுக்கட்டுவதைவிட எவ்வளவோ தெளிவு.

அறிகுறி: குருத்து வெளிறுகிறது, அடி இலை பச்சை

இது நேர் எதிர். பழைய இலையில் இருப்பது கிளம்பி வர முடியாத தாது. குருத்திலை முழுவதும், நரம்போடு சேர்த்து, ஒரே மாதிரி வெளிறினால் கந்தகம். யூரியா மட்டுமே போட்டுப் பல வருடம் அறுத்த நிலத்தில் இது வருவது இயல்பு. நரம்பு மட்டும் பச்சையாக நின்று இடையெல்லாம் வெளுத்தால் இரும்பு. நுனி வெளுத்துச் சுருண்டு வாடினால் தாமிரம்.

இரும்பு விஷயத்தில் ஆய்வக எண் பெரும்பாலும் கைவிடும். வெளுத்த இலையில் மொத்த இரும்பு நிறையவே இருக்கலாம். செடிக்குப் பயன்படாத வடிவில் இலைக்குள்ளேயே முடங்கியிருக்கும். அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் பெரஸ் சல்பேட் (இரும்பு உப்பு) கரைத்து, மாலை வேளையில், வெளுத்த இலை ஒன்றின் பாதி நீளத்துக்கு மட்டும் தூரிகையால் தடவுங்கள். மறுபாதி அப்படியே இருக்கட்டும். சில நாளில் தடவிய பகுதி பச்சை திரும்பினால் இரும்புதான். தடவாத பாதி வெளுப்பாகவே நிற்கும், ஏனென்றால் இரும்பு அங்கே எளிதில் நகர்ந்து போகாது. ஒரே இலையில் விடையும் தெரியும், தாது எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதும் கண்ணால் தெரியும்.

அறிகுறி: கால்சியம் எண் அறுப்புக்கு அறுப்பு இறங்குகிறது

தொடக்கத்தில் சொன்ன கதைக்கு வருகிறேன். கணக்குக்காக இலைத்தாளில் கால்சியம் 0.60, உறையும் தண்டும் சேர்ந்து 0.20 என்று வையுங்கள். ஐந்து வாரப் புல்லில் இலை 70 பங்கு, மற்றது 30. இலையிலிருந்து 0.42, தண்டிலிருந்து 0.06, மொத்தம் 0.48. கதிர் விட்ட புல்லில் இலை 35 பங்கு, தண்டு 65. இப்போது 0.21 கூட்டல் 0.13, மொத்தம் 0.34. இலையும் மாறவில்லை, தண்டும் மாறவில்லை. பங்கு மட்டும் மாறியது.

அதனால் செய்ய வேண்டியது: இலைத்தாளை மட்டும் பிரித்து மறுபடி ஆய்வுக்கு அனுப்புங்கள். இலையின் எண் முன்போலவே இருந்தால் மண்ணில் பிரச்சினை இல்லை. அறுப்பைச் சீக்கிரம் வைத்தால் சரியாகிவிடும். இலையின் எண்ணே இறங்கியிருந்தால் மட்டும் மண் பக்கம் போங்கள். அப்போதுகூடக் கார அமில நிலையையும், சமீபத்தில் பொட்டாசியம் அள்ளிப் போட்டீர்களா என்பதையும் முதலில் பாருங்கள். பொட்டாசியம் மிகுந்தால் கால்சியமும் மக்னீசியமும் உள்ளே வருவது குறையும்.

இன்னொன்றும் உண்டு. மாடு அரைத்த மாவைத் தின்பதில்லை, பொறுக்கித்தான் தின்கிறது. அந்தக் கதிர் விட்ட புல்லிலேயே மேயவிட்ட மாடு 80 பங்கு இலையாகப் பார்த்துக் கடித்தால் அதற்குக் கிடைப்பது 0.48 கூட்டல் 0.04, அதாவது 0.52. அறிக்கை 0.34 என்கிறது, மாட்டின் வாய்க்குள் போவது 0.52. மேய்ச்சலுக்கு மாதிரி எடுப்பவர்கள் மாடு கடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து, அதே உயரத்தில் அதே பகுதியைக் கையால் கிள்ளி எடுக்க வேண்டும். தரையோடு அறுத்து எடுத்த மாதிரி, தொட்டியில் நறுக்கிப் போடுபவர்களுக்குத்தான் பொருந்தும்.

அறிகுறி: இரும்பு எண் பல மடங்கு

சுத்தமான புல்லில் இரும்பு பெரும்பாலும் கிலோவுக்கு 50 முதல் 200 மில்லிகிராம். அறிக்கையில் 500, 800 என்று வந்தால் அது புல்லில் ஊறிய இரும்பு அல்ல, ஒட்டிய மண். மண்ணில் இரும்பு 4 சதவீதம் என்றால் கிலோவுக்கு 40,000 மில்லிகிராம். மாதிரியில் நூற்றில் ஒரு பங்கு மண் கலந்தாலே 400 ஏறிவிடும். 120 இருந்த புல் 520 காட்டும்.

அடி உறையும் தரையில் படிந்த தாளும் மழைத்துளி தெறித்து மண்ணைப் பிடித்துவைக்கும் இடங்கள். ஆய்வகத்தில் முடிந்தால் டைட்டானியம் பார்க்கச் சொல்லுங்கள். செடி அதை உறிஞ்சுவது இல்லை என்றே சொல்லலாம், மண்ணிலோ தாராளம். டைட்டானியம் ஏறியிருந்தால் இரும்பு, அலுமினியம், கோபால்ட் எண்கள் எதையும் நம்ப முடியாது. கால்சியம், பொட்டாசியம் எண்களுக்குப் பெரிய சேதம் இருக்காது.

கழுவலாம், ஆனால் அளவோடு. அறுத்த உடனே காய்ச்சி வடித்த நீரில் சில நொடி அலசி எடுத்தால் போதும். ஊறப் போட்டால் பொட்டாசியம் கரைந்து போய்விடும். குழாய்த் தண்ணீர் கால்சியத்தையும் சோடியத்தையும் சேர்த்துவிடும். வியர்த்த கையே சோடியத்தை ஏற்றும். அரைக்கும் கருவியும் தன் பங்குக்குச் சேர்க்கும்: நான் ஒருமுறை பித்தளைச் சல்லடையில் சலித்த மாதிரிகளில் தாமிரமும் துத்தநாகமும் கைகோத்து ஏறி வந்தன. சல்லடையை மாற்றியதும் இரண்டும் சேர்ந்தே இறங்கின.

மண் ஒட்டியிருப்பது வெறும் ஆய்வகப் பிழை என்று விட்டுவிடவும் கூடாது. மாடு அந்த மண்ணையும் சேர்த்துத்தான் விழுங்குகிறது. இரும்பு மிகுந்தால் குடலில் தாமிரம் ஏறுவது குறையும். மழைக்காலத்தில் தரையோடு மேய்ந்த மந்தையில் உரோமம் நிறம் மங்கினால் இதையும் நினைத்துப் பாருங்கள். மாலிப்டினமும் கந்தகமும் கூடினாலும் இதே விளைவு வரும்.

அறிகுறி: காய்ந்த புல்லில் பொட்டாசியம் மறைந்துவிட்டது

பொட்டாசியம் எந்தத் திசுவோடும் கட்டுண்டு இருப்பதில்லை. செல்லுக்குள் உப்பாகக் கரைந்து கிடக்கிறது. இலை செத்துச் செல்சவ்வு சிதைந்த பிறகு ஒரு நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். அதே சருகில் கால்சியமும் சிலிக்காவும் அப்படியே நிற்கும். ஆகவே பொட்டாசியம் மட்டும் சரிந்து கால்சியம் சரியாமல் இருந்தால், காயப்போட்ட புல் நனைந்ததா, மாதிரியில் சருகு எத்தனை பங்கு என்று கேளுங்கள். உரம் தேவையில்லை.

அறிகுறி: மாடு எலும்பையும் கட்டையையும் கடிக்கிறது

பாஸ்பரஸ் பசி. முற்றிய தண்டிலும் சருகிலும் பாஸ்பரஸ் 0.1 சதவீதத்துக்கும் கீழே போகும், ஏனென்றால் செடி அதைத் திருப்பி எடுத்து மணிக்கும் வேருக்கும் அனுப்பிவிட்டது. மணி உதிர்ந்தால் அதுவும் போயிற்று. வறட்சிக் காலத்தில் நிற்கும் வைக்கோல் மாதிரிப் புல்லை மட்டும் மேயும் மந்தைக்கு இது வரும். அந்த நேரத்தில் மணிச்சத்து உரம் போட்டுப் பயனில்லை, வளராத புல் உறிஞ்சாது. பாஸ்பரஸ் உள்ள தாது உப்புக் கலவையை நேராக மாட்டுக்குக் கொடுங்கள். நிலத்தில் கிடக்கும் எலும்புகளையும் செத்த பிராணிகளையும் உடனே அப்புறப்படுத்துங்கள். அவற்றைக் கடிக்கும் மாட்டுக்குப் பொட்டுலிச நஞ்சு (அழுகும் பிணத்தில் பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு) ஏறினால் காப்பாற்றுவது கடினம்.

அறிகுறி: கறவை மாடு தடுமாறி விழுந்து வெட்டி இழுக்கிறது

இங்கே முதல் வேலை புல்லைப் பார்ப்பது அல்ல, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுவது. மணிக் கணக்கில் உயிர் போகும். மாட்டைச் சத்தம் போட்டு விரட்டாதீர்கள்.

மருத்துவர் மக்னீசியக் குறைவு என்று உறுதி செய்தால் அப்புறம் புல்லைப் பார்க்கலாம். குளிர் கழிந்து தழைந்து வரும் இளம்புல், அதிலும் தழை உரமும் சாம்பல் உரமும் தாராளமாகப் போட்ட நிலம், அதில் கன்று போட்ட வயதான மாடு. மூன்றும் சேர்ந்தால் ஆபத்து கூடும். மக்னீசியம் உலர் எடையில் 0.2 சதவீதத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை. ஆனால் அந்த எண் மட்டும் போதாது. பொட்டாசியம் மிகுந்தால் முதல் வயிற்றிலேயே மக்னீசியம் உள்ளே ஏறாமல் தடுக்கும். 1957இல் நெதர்லாந்தில் கெம்ப், டார்ட் என்ற இருவர் கொடுத்த விகிதம் இன்றும் உதவுகிறது: பொட்டாசியத்தைக் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுப்பது, மூன்றையும் மில்லி ஈக்விவலண்ட் (எடையை அயனியின் மின்னூட்டக் கணக்குக்கு மாற்றிய அளவு) அளவில் வைத்து. 2.2ஐத் தாண்டினால் அபாயம்.

போட்டுப் பார்ப்போம். கீழே பெருக்கும் எண்கள் சதவீதத்தை அந்த அளவுக்கு மாற்றுபவை. பொட்டாசியம் 3.2 சதவீதம், அதை 256ஆல் பெருக்கினால் 819. கால்சியம் 0.40, அதை 499ஆல் பெருக்கினால் 200. மக்னீசியம் 0.16, அதை 823ஆல் பெருக்கினால் 132. 819ஐ 332ஆல் வகுத்தால் 2.47. இந்தப் புல் ஆபத்தானது. இளம் இலையில் பொட்டாசியம் உச்சத்தில் இருக்கும், கால்சியம் இன்னும் சேர்ந்திருக்காது. அதனால்தான் அதே நிலம் சில வாரம் கழித்துத் தானாகவே பாதுகாப்பாகிவிடுகிறது. அதுவரை மாட்டுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் மக்னீசியம் ஆக்ஸைடை வெல்லப்பாகிலோ தீவனத்திலோ கலந்து கொடுப்பது வழக்கம். சாம்பல் உரத்தை அந்தப் பருவத்தில் நிறுத்திவையுங்கள்.

அறிகுறி: காகிதத்தில் கால்சியம் போதுமான அளவு, குதிரையின் முகம் வீங்குகிறது

செட்டாரியா, கொழுக்கட்டைப் புல், கிக்குயு போன்ற புற்களில் ஆக்ஸலேட் என்ற அமில உப்பு இருக்கிறது; தண்டைவிட இலையில் அதிகம், முற்றியதைவிட இளந்தளிரில் அதிகம். அது கால்சியத்தைக் கரையாத உப்பாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் அமிலத்தில் கரைத்து அளப்பதால் எண் நன்றாகவே வரும், குதிரைக்கு அது கிடைக்காது. எலும்பிலிருந்து கால்சியம் போய், முகத்தெலும்பு நார்போல் தடிக்கும், நடை நொண்டும். கால்சியத்தை ஆக்ஸலேட்டால் வகுத்து 0.5க்குக் கீழே வந்தால் அந்தப் புல் குதிரைக்குத் தனியாக ஆகாது. இலை நிறைந்த புல்தான் நல்லது என்ற பொது விதி தலைகீழாகும் இடம் இது. மாட்டுக்கு முதல் வயிற்று நுண்ணுயிர்கள் பழகிக்கொண்டு ஆக்ஸலேட்டைச் சிதைக்கும். ஆனால் பட்டினியாக வந்த, பழக்கமில்லாத மாட்டைச் சட்டென்று அதில் விடாதீர்கள்.

அறிகுறி: அறுத்துப் போட்ட புல்லைத் தின்று மூச்சு முட்டுகிறது, இரத்தம் பழுப்பாக இருக்கிறது

நைட்ரேட். இதற்கும் முதலில் மருத்துவர். நைட்ரேட் தங்குவது தண்டின் அடிப்பாகத்தில். இலையில் வெயில் பட்டு மாற்றப்பட்டுவிடுவதால் அங்கே குறைவு. நைட்ரேட் வடிவ நைட்ரஜன் 0.2 சதவீதத்தைத் தாண்டினால் கவனம் தேவை. வறட்சிக்குப் பிறகு மழை பெய்த உடன் அறுக்காமல் சில நாள் பொறுத்து, அடியில் ஒரு சாண் விட்டு அறுத்தாலே பெரும்பகுதி நிலத்தில் நின்றுவிடும். காயவைத்தால் குறையாது. சைலேஜ் (காற்றுப் புகாமல் புளிக்கவைத்த தீவனம்) செய்தால் குறையும்.

அறிகுறி: உப்பு தேடி மண்ணை நக்குகிறது

இனத்தைப் பாருங்கள். ரைகிராஸ், ரோட்ஸ் புல் போன்றவை சோடியத்தை இலைவரை ஏற்றும். கிக்குயுவும் திமோதியும் வேரோடு நிறுத்திவிடும், நிலத்தில் உப்பு இருந்தாலும் இலையில் தெரியாது. கறவை மாட்டுக்குத் தீவனத்தில் சுமார் 0.1 சதவீதம் சோடியம் வேண்டும். உப்புக்கட்டி வையுங்கள், வேலை முடிந்தது.

எதிலும் சேராத எண் வந்தால்

மறுமாதிரி எடுங்கள், முன்பு எடுத்ததுபோலவே: அதே நேரம், அதே உயரம், பனி காய்ந்த பிறகு, சாணத் திட்டும் மூத்திரத் திட்டும் தவிர்த்து, இருபது முப்பது இடத்தில். காகித உறையில் போட்டு 60 முதல் 65 டிகிரியில் காயவையுங்கள். பிளாஸ்டிக் பையில் புழுங்கவிட வேண்டாம். உறைமேல் பென்சிலால் நான்கு விஷயம் எழுதுங்கள்: கடைசி அறுப்புக்குப் பிறகு எத்தனை நாள், அறுத்த உயரம், இலைப் பங்கு, கதிர் உண்டா இல்லையா. ஆறு மாதம் கழித்து இரண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, இந்த நான்கு வரி இருக்கும் உறைகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.